சிணுங்காத வேணாம்

ஜூன் 3, செவ்வாய்

புது வேலை. இத்தனை வருஷம் பாடப்புத்தகம், பேருந்து அறிவிப்பு, "தயவுசெய்து வரிசையில் வரவும்" என்று குரல் கொடுத்தவளுக்கு இப்போது ஒரு காதல் நாவல். ஒலிப்புத்தகமாக வரப்போகிறது. பள்ளிக்கூடம் போகிற பெண்கள் எல்லோர் பையிலும் இருக்கிற அதே நாவல். வீட்டில் சொன்னதும் என் மகள் வாலு குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் கூரையை அண்ணாந்து பார்த்திருப்பார்.

"அம்மா, அந்த ஹீரோயினுக்கு நீயா குரல்? என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் செத்தாங்க!"

பதினாறு வயதுப் பெண் தானாக வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அதற்காகவே வேலை பிடித்துப்போயிற்று.

ஜூன் 5

நாவலைப் படித்து முடித்தேன். பற்றிக்கொண்டு வருகிறது. கதாநாயகன் என்று ஒருவன். அவள் ஜன்னலுக்குக் கீழே மழையில் நிற்கிறான், போகச் சொன்னாலும் போவதில்லை. அவள் வேறு யாரோடாவது பேசினால் சுவரைக் குத்துகிறான். அவள் போனைப் பிடுங்கித் தோழிகளின் எண்களை அழிக்கிறான். அவளோ, "என் மேல் இவ்வளவு காதலா!" என்று உருகுகிறாள். இதற்குப் பெயர் காதலாம். எதிர்வீட்டு நாய்கூட போ என்றால் போய்விடும்.

இவரிடம் புலம்பினேன். "கதைதானே, விடு" என்றார்.

கதைதான். ஆனால் என் வாயால் அல்லவா சொல்லச் சொல்கிறார்கள்?

ஜூன் 9

எண்களை அழிக்கும் அத்தியாயம் பதிவானது. பூரிப்போடு படித்தேன். வெளியே வந்து வாய் கொப்பளித்தேன்.

ஜூன் 12

டியூஷனில் ஒரு பையன் இருக்கிறானாம். வாலுவே சொன்னாள், பெருமையாக.

"என் போன் பாஸ்வேர்டு கேட்டாம்மா. குடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"நம்பிக்கைக்குத்தான். மழையில நிக்கறவன் மாதிரியே இருக்கான்னு எல்லாரும் கிண்டல் பண்றாங்க."

கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. அறைக் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து, "உனக்குக் காதல்னா என்னன்னே தெரியாது!"

யாரைப் பார்த்து? காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவளைப் பார்த்து!

சிறு வயதிலிருந்து கூடவே சுற்றுகிற அவள் தோழி நெட்டை. எந்நேரமும் போனில் வளவளத்துக்கொண்டிருப்பாள். இப்போது கூப்பிடுவதே இல்லை. ஏன் என்று இன்றைக்குத்தான் எனக்கு உறைக்கிறது. பயமாக இருக்கிறது.

ஜூன் 16

மொட்டைமாடிக் காட்சி. அவன் அவள் கையைப் பிடிக்கிறான். "வேணாம், விடு" என்கிறாள். அவன் சிரிக்கிறான். "நீ வேணாம்னா வேணும்னுதானே அர்த்தம்." விடுவதில்லை. மறுபடியும் வேணாம். என் தாளில் அந்தச் சொல் வருகிற இடத்திலெல்லாம் பதிப்பகத்து அம்மா பென்சிலால் எழுதிவைத்திருந்தார்: சிணுங்கலாக.

நான் சிணுங்கவில்லை. பேருந்தில் ஒருவன் மேலே வந்து இடித்தால் எப்படிச் சொல்வேனோ அப்படிச் சொன்னேன். வேணாம். விடு. அவன் வசனத்தை அவன் சிரிப்போடு அப்படியே படித்தேன். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் பதிவை நிறுத்தினார். பிறகு ஹெட்போனில் மெதுவாக:

"அக்கா... கேக்கவே பயமா இருக்கு."

"எழுதியிருக்கறதைத்தான் தம்பி படிச்சேன்."

"அது தெரியுது. அதான் பயமா இருக்கு. இன்னொரு டேக் போலாமா?"

போனோம். அதே மாதிரிதான் படித்தேன்.

ஜூன் 18

பதிப்பகத்து அம்மாவே வந்துவிட்டார். நல்ல மனுஷிதான், குரலை உயர்த்தவில்லை.

"கேக்கறவங்களுக்கு இனிக்கணும்மா. நீங்க படிச்சா போலீஸைக் கூப்பிடணும் போல இருக்கு."

"கூப்பிடணும்தான்."

"அப்போ வேற ஆளைத்தான் பாக்கணும்."

"பாத்துக்குங்க."

வீராப்பாகச் சொல்லிவிட்டேன். படியிறங்கும்போதுதான் யோசனை வந்தது. இனிமேல் கூப்பிடுவார்களா? கூப்பிடாவிட்டால் போகட்டும். என் தொண்டை, நான் வைத்ததுதான் சட்டம்.

ஜூன் 19

வாலுவிடம் சொன்னேன். வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தாளாம். அழுதாள்.

"ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தையைக் கொஞ்சம் அழகாச் சொல்லிட்டா உனக்கு என்ன குறைஞ்சுடும்?"

எனக்கு ஒன்றும் குறையாதுடி. உனக்குத்தான். — அவளிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

ஜூன் 22

பேச்சு வார்த்தை இல்லை. சாப்பாட்டில் உப்பில்லை என்று சொல்லக்கூட வாய் திறக்கவில்லை.

ஜூன் 27

துணி மடித்துக்கொண்டிருந்தேன். வாலு நாவலோடு வந்து நின்றாள்.

"அப்படி என்னதான் படிச்சே? படி, பாக்கலாம்."

"அவன் வசனத்தை நீ படி."

கட்டிலில் துணிக்கு நடுவே உட்கார்ந்தோம். முதலில் பென்சில் குறிப்பின்படி சிணுங்கினேன். வாலு தொண்டையைக் கனமாக்கிக்கொண்டு அவனாகப் பேசினாள். இரண்டு பேருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. இரண்டாவது தடவை என் மாதிரி சொன்னேன். வேணாம். விடு.

அடுத்த வரி அவளுடையது. "நீ வேணாம்னா..." என்று ஆரம்பித்து நின்றாள். மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி நின்றாள்.

"இதை எப்படிம்மா சிரிச்சுக்கிட்டே சொல்றது?"

"எனக்கும் தெரியல."

புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள். பின்னாலேயே போய் ஏதாவது சொல்ல வாய் துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மீதித் துணியை மடித்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

நல்ல மழை. டியூஷன் பையன் வாசலில் சொட்டச் சொட்ட நின்றான். குடை கையில்தான் இருந்தது, மடித்தபடி. வாலுதான் கதவைத் திறந்தாள். நான் சமையலறையில் இருந்தேன். அங்கிருந்து வாசல் தெரியும்.

"பாஸ்வேர்டை ஏன் மாத்தினே? போனைக் குடு, பாத்துட்டுத் தர்றேன்."

மாற்றிவிட்டாளா! என்னிடம் மூச்சு விடவில்லையே.

"வேணாம்" என்றாள்.

அவன் சிரித்தான். புத்தகத்தில் வருகிற அதே சிரிப்பு. கையை நீட்டினான். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓரடி வைத்தேன் —

"வேணாம்னு சொன்னேன்."

சிணுங்கலும் இல்லை, கத்தலும் இல்லை. முதல் டேக்கைவிட இரண்டாவது நன்றாக இருந்தது. அவன் சிரிப்பு நின்றது. அவள் கதவைச் சாத்தினாள்.

உள்ளே வந்தவளுக்குக் கண் சிவந்திருந்தது. "என்ன பாக்கறே? பசிக்குது" என்று என் மேல் எரிந்து விழுந்தாள். தட்டை வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே நெட்டைக்குப் போன் போட்டாள்.