பாதி மை நிரப்பிய பேனாவோடு வானூர் போனது

மரக்காணம்
18.5.2006

அன்பு மகன் பிரபாகரனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், அடிக்கிற வெயிலுக்கு உப்பும் சுகமாக விளைகிறது. புனேயில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறோம். நேற்று போனில் உன் அம்மா சிரித்துச் சிரித்து ஒன்றுமே சொல்லாமல் வைத்துவிட்டாள், பூவிழி வீட்டில் என்ன சொன்னார்களோ என்று நீ தவித்துப் போயிருப்பாய். அவள் வாயால் கேட்டால் கதை வேறு மாதிரி ஆகிவிடும் என்பதால் நடந்ததை நடந்தபடி நானே எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் காரணம் நீ வாங்கி அனுப்பிய இங்க் பேனாதான், என்மேல் ஒரு தப்பும் இல்லை.

பேனா வந்ததும் புதுச் சாமான் ஆயிற்றே என்று நம் போர் தண்ணீரில் நன்றாகக் கழுவிக் காய வைத்தேன். விடிந்து பார்த்தால் நிப்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. உன் அம்மா அதைத் தெருவெல்லாம் காட்டி, இந்த மனுசன் பேனாவுலகூட உப்புப் பாத்தி கட்டிட்டாரு என்று சொல்லிக்கொண்டு வந்தாள். நம் ஊர்த் தண்ணீர் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா, அந்த நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான். பிறகு கேன் தண்ணீரில் ஊறப்போட்டதும் சரியாகிவிட்டது. மை ஊற்றுகிறபோது பில்லரை உயரத்தில் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன், கொஞ்சம் பேனாவுக்குள் போனது, மீதி உன் அம்மாவின் புதுப் பாயில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வானூர் கிளம்பினோம். காலேஜில் கூடப் படித்த பெண், கட்டினால் அவளைத்தான் கட்டுவேன், வெள்ளிக்கிழமை பாண்டிச்சேரியிலிருந்து வேறு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், அதற்குள் போய்க் கேளுங்கள் என்று நீ அழாத குறையாகச் சொன்னதால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். எனக்கு எழுத வேலை ஒன்றும் இல்லைதான், ஆனால் மாப்பிள்ளையின் அப்பா பாக்கெட் காலியாக இருக்கலாமா. பஸ் குலுக்கலில் தளும்பக் கூடாதென்று மையைப் பாதி மட்டும் ஊற்றினேன். திடீரென்று எழுத வேண்டி வந்தால் மை தயாராக வந்து நிற்கட்டும் என்று பேனாவைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டேன். துண்டைப் போட்டுக்குங்க என்றாள் உன் அம்மா, பேனா மறைந்துவிடும் என்று நான் போடவில்லை. கூனிமேடு தாண்டும்போது நெஞ்சில் ஜில்லென்று இருந்தது, கடல் காற்று என்று நினைத்துச் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

பெண் வீட்டு வாசலில் வணக்கம் சொல்லக் கை கூப்பியபோதுதான் குனிந்து பார்த்தேன், இட்லி அளவுக்கு நீலம். சட்டென்று உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். பெண்ணின் அப்பா கலியபெருமாள் மல்லாட்டை பயிரிடுகிறவர், ஆள் மலை மாதிரி இருக்கிறார். உட்கார்ந்தும் நான் கையை எடுக்காததைப் பார்த்து, நெஞ்சு வலிக்குதாங்க என்று கேட்டார். இல்லீங்க, பழக்கமுங்க என்றேன். அவ்வளவுதான், என்னைக் கட்டிலில் படுக்க வைத்து, விசிறி எடுத்து வீசி, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கொண்டுவர ஆளை அனுப்பிவிட்டார். உன் அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது, சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். அவள் அழுகிறாள் என்று பெண்ணின் அம்மாவும் அழ ஆரம்பித்துவிட்டார். சமையல்கட்டிலிருந்து ஓடி வந்த பூவிழி, பட்டனைக் கழட்டணும், கையை எடுங்க சார் என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். பார்த்துவிட்டு, அப்பா, சாருக்கு ஒண்ணும் இல்ல, பேனாதான் வாந்தி எடுத்திருக்குது என்றாள்.

அந்தப் பெண் டீச்சர் அல்லவா, பிள்ளைகளின் பேனாவெல்லாம் பார்த்துப் பழகியவள். பாதி காலியா இருந்தா உள்ள இருக்கிற காத்து உடம்புச் சூட்டுல பெருசாயி மையை வெளியில தள்ளிடுதுங்க சார், வெளியூர் போனா ஒண்ணு நிறைய இருக்கணும், இல்ல சுத்தமா காலியா இருக்கணும், நிப்பு எப்பவும் மேல பார்த்து இருக்கணும் என்றாள். பேனாவை ஒரு டம்ளருக்குள் நிறுத்தி, பில்லர் முனையை உள்ளே விட்டு, மரை ஆரம்பிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் மையை மெதுவாக விட்டு, பழைய துணியால் கழுத்தைத் துடைத்து மூடினாள், ஒரு சொட்டு சிந்தவில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, இவள் நம் வீட்டுக்கு வரவேண்டுமே என்று ஆசையாகவும் இருந்தது. ஆனால் கலியபெருமாள் முகம் சரியில்லை. விசிறி விசிறிக் கை வலித்த கோபம் வேறு. பெண் கேட்டதற்கு, யோசிச்சுச் சொல்றோமுங்க என்று மட்டும் சொன்னார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். உன்னிடம் எந்த முகத்தோடு பேசுவது என்று எனக்கு அப்போது உண்மையாகவே நெஞ்சு வலித்தது.

அவருடைய சட்டை ஒன்றைக் கொடுத்தார்கள், போட்டால் முட்டி வரைக்கும் வருகிறது. கிளம்பும்போது, என் சட்டையை ஒரு பையில் போட்டுக் கொடுத்துடுங்க என்று கேட்டேன். உள்ளேயிருந்து பூவிழியின் குரல் மட்டும் வந்தது: மாமா சட்டை ஊறிக்கிட்டு இருக்குதுப்பா, கறை போக நாளாவும், அவங்க புள்ளைய வந்து வாங்கிக்கிட்டுப் போவச் சொல்லுங்க. கலியபெருமாள் கதவைப் பார்த்தார், தன் சட்டைக்குள் நிற்கிற என்னைப் பார்த்தார், வெள்ளிக்கெழம வர்றவங்களுக்குப் போன் போட்டு வரவேணாம்னு சொல்லிடறேன் சம்பந்தி என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கை நீளமாக இருந்தது வசதியாகப் போயிற்று, அதிலேயே துடைத்துக்கொண்டேன்.

இருவரும் நீடூழி நன்றாக இருங்கள், உன் அம்மாவின் ஆசியும் இதில் சேர்ந்திருக்கிறது. ரயிலில் சட்டையைக் கண்ட இடத்தில் தொங்கவிட்டுத் தூங்காதே. லீவு சொல்லிவிட்டுச் சீக்கிரம் வா, எனக்கு இருப்பது அந்த ஒரு வெள்ளைச் சட்டைதான், உன் கல்யாணத்துக்குப் போட வேண்டும்.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
சுப்ராயன்