‘வாங்க’ என்று வந்த செய்தி

இன்று காலை எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயில் வெடிப்பு. சரிசெய்ய வந்தவர் பசை டப்பாவைத் திறந்ததும் அந்த நெடி வீடு முழுக்கப் பரவியது. நான் படித்துக்கொண்டிருந்த பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். பி.வி.சி. பசையின் நெடி வந்தால் இப்போதெல்லாம் உன் ஞாபகம் வருகிறது. இதைச் சொன்னால் நீ சிரிப்பாய்.

முழங்கை நீளத்துக்குக் குழாயை வெட்டி, அதற்குள் ரேடியோப் பலகையையும் பேட்டரியையும் செருகி, இரண்டு பக்கமும் மூடி போட்டுப் பசையை விரலாலேயே தடவினாய். "தண்ணி உள்ள போச்சுன்னா செத்துச்சு மாப்ள" என்றாய். ஒரு வாரம் உன் விரல் நுனிகள் தோல் உரிந்து கிடந்தன. ஸ்டெல்லா அதைக் காட்டி என்னிடம் முறையிட்டாள்: "பாத்தீகளாண்ணே, தோட்டத்து வேலையில இருந்து ரிட்டயர் ஆனாலும் கைய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டேங்குறாக."

கூரியரில் வந்த இரண்டு ரேடியோப் பலகைகளை நீ என் மேசைமேல் வைத்த அன்று நான் உன்னை நம்பவில்லை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, விரல் நீளத்தில் ஒரு ஆன்டெனா. வாக்கி டாக்கியா என்று கேட்டேன்.

"பேசறதுக்கு இல்ல மாப்ள. எழுதறதுக்கு. நீ ஆயுசு பூரா செஞ்சதுதான்."

சிம் வேண்டாம், டவர் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம் என்று விளக்கினாய். போனில் எழுதியதைப் பலகை வானொலி அலையாக அனுப்பும். அது காதில் விழுந்த இன்னொரு பலகை அதையே திரும்பச் சொல்லும். அதைக் கேட்ட மூன்றாவது பலகை மறுபடியும் சொல்லும். செய்தி அப்படியே குன்று தாண்டிப் போய்விடும். ஆன்டெனாவைத் திருகாமல் மின்சாரம் கொடுத்தால் பலகை பாழாகிவிடும் என்பதை மட்டும் நான் பத்திரமாக நினைவில் வைத்தேன். எந்த நாட்டில் இருக்கிறோம் என்று போனில் தேர்ந்தெடுக்கும்வரை அது வாய் திறக்காது என்பதை மறந்துவிட்டேன். ஒரு மாலை முழுவதும் உன் பலகை கூப்பிட்டது, என்னுடையது ஊமையாக இருந்தது. "நீ எந்த நாட்டுக்காரன்னு உன் பலகைக்கே தெரியல" என்று அதையே சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாய்.

விளையாட்டாக நீ இதைத் தொடங்கவில்லை. சக்குபள்ளத்துக்குக் கீழே, ஏலக்காட்டுச் சரிவின் அடிப்பள்ளத்தில் உன் வீடு. போனில் ரேஞ்ச் வேண்டுமென்றால் மேலே பாறைக்கு ஏற வேண்டும். ஸ்டெல்லாவுக்கு இழுப்பு. முந்தைய மழையில் கரண்ட் போய், டவரும் போய், அவளுக்கு மூச்சு முட்டியபோது நீ அவளைத் தனியாக விட்டுவிட்டுப் பாறைக்கு ஏறினாய். அங்கும் ரேஞ்ச் இல்லை. ரோடுவரை நடந்துபோய் ஜீப்பைப் பிடித்தாய். அதைப் பற்றி ஒரே ஒருமுறைதான் என்னிடம் பேசினாய்.

"திரும்பி வந்து வாசல்லயே நின்னுட்டேன் மாப்ள. உள்ள மூச்சுச் சத்தம் கேக்குதான்னு பாத்துட்டுத்தான் காலெடுத்து வச்சேன்."

ஆனைக்கரையில் என் வீட்டுக்குப் பக்கத்தில் ஷாஜியின் ஜீப் நிற்கும். பள்ளத்திலிருந்து ஒரு வார்த்தை எனக்கு எட்டினால் போதும், நான் அவரை எழுப்பிக் கூட்டிவருவேன். நீ கேட்டது அவ்வளவுதான்.

நேராக எட்டவில்லை. நனைந்த மரங்களும் நடுவிலிருந்த குன்றும் செய்தியை விழுங்கின. மேட்டுத் தோட்டத்துக்காரரிடம் கேட்டு, மூன்றாவதாக ஒரு பலகையை வரவழைத்து நீ அடைத்த அந்தக் குழாயை அவரது தண்ணீர்த் தொட்டியின் இரும்புச் சட்டத்தில் கட்டினோம். சூரியத் தகடு ஒன்றையும் பக்கத்தில் வைத்தாய். அன்று மாலை உன் வீட்டிலிருந்து என் மொட்டைமாடிக்கு வந்த முதல் செய்தி: "டீ குடிச்சியா?"

அடுத்த சிக்கல் தமிழால் வந்தது. ஆங்கிலத்தில் நாலு வரி பிடிக்கும் செய்தியில் தமிழில் ஒன்றரை வரிதான் பிடிக்கும். மீதியை இன்னொரு செய்தியாக அனுப்ப வேண்டும். ஸ்டெல்லாவுக்கு இழுப்பு, ஜீப் தேவைப்படலாம் என்று நீ காலையில் சொல்லியிருந்த ஒரு மழை நாள். மதியம் இது வந்தது: "மழை விட்டிருக்கு. ஸ்டெல்லாவுக்கு மூச்சு பரவாயில்ல. ஜீப்ப கூட்டிட்டு". அதன் பின் எதுவும் வரவில்லை. நானும் ஷாஜியும் சேற்றில் வழுக்கி வழுக்கி வந்து சேர்ந்தால், ஸ்டெல்லா வாசலில் நின்று முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள். "வர வேண்டாம்" என்ற பாதி குன்றிலேயே தங்கிவிட்டது.

ஷாஜி ஸ்டியரிங்கில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "சாரே, உங்க தமிழ்ல வேண்டாம்னு சொல்ல கடைசி வரைக்கும் காத்திருக்கணுமா? அதுக்குள்ள எனக்கு டீசல் தீர்ந்திருமே."

"உங்க மலையாளத்துல மட்டும் முன்னாடியா வருது?" என்றாள் ஸ்டெல்லா. ஆனாலும் எல்லோருக்கும் டீ போட்டாள்.

அன்றைக்கு நீ போட்ட சட்டம்தான் வினையை முதலில் எழுதுவது. வேண்டாம் ஜீப்பு. வா சீக்கிரம். வந்துச்சு கரண்டு. உன் செய்திகளை ஸ்டெல்லாவுக்கு வாசித்துக் காட்டினேன். "கோயில்ல பழைய ஏற்பாடு வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். அவளுக்கும் அதைப் பழக்க நீ எவ்வளவோ முயன்றாய். "உங்க பொம்மைய நீங்களே வச்சுக்கங்க. எனக்கு மூச்சு முட்டறப்ப நான் எழுதிக்கிட்டா இருக்கப்போறேன்?" என்று கையை உதறிக்கொண்டாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அடுத்த மழையில், கரண்டும் டவரும் போயிருந்த ஒரு மதியம், உன் பெயரில் ஒரு செய்தி வந்தது.

"வாங்க. இவுகளுக்கு"

அவ்வளவுதான். மீதிக்கு நான் காத்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த நாளிலிருந்து நீ என்னை ‘வா’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாய். ‘வாங்க’ என்று எழுதியது நீ இல்லை. ஸ்டெல்லா எழுதியிருக்கிறாள் என்றால் உன்னால் எழுத முடியவில்லை. பலகையையும் போனையும் எடுத்துக்கொண்டு ஷாஜியிடம் ஓடினேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ கீழே உட்கார்ந்துவிட்டாய் என்ற மீதிச் செய்தி ஜீப்பில் போகும்போதுதான் துண்டு துண்டாக வந்தது.

உன்னைப் பின்சீட்டில் சாய்த்தோம். உன் தலை ஸ்டெல்லாவின் மடியில் இருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய்.

"மெசேஜ் வந்துச்சா?"

"வந்துச்சு."

"இவளா போட்டா?"

"ஆமா மாப்ள. வினைய முன்னாடி வச்சு."

"பாத்தியா" என்றாய். உன் முகத்தில் இருந்தது பெருமைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆஸ்பத்திரிக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது உன் கை தளர்ந்தது. ஷாஜி வண்டியை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

அந்த நாளை நான் பலமுறை சரிபார்த்துவிட்டேன். பலகைகள் வேலை செய்தன. தொட்டியின் மேலிருந்த குழாயில் தண்ணீர் இறங்கவில்லை. செய்தி வந்தது, ஜீப் போனது. எல்லாம் நாம் திட்டமிட்டபடியே நடந்தது. போகப்போவது நீயாக இருக்கலாம் என்பதை மட்டும் நாம் யாரும் யோசிக்கவில்லை.

திருப்பூரிலிருக்கும் உன் மகன் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுப் பார்த்தான். அவள் போகவில்லை. நாற்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு பலகையை என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"இங்கயே இருக்கட்டும்ணே. பேர மட்டும் மாத்திருங்க. அவுக பேர்ல நான் எழுதினா உங்களுக்குத் திடுக்குனு இருக்கும். எனக்கும் நல்லா இல்ல."

மாற்றினேன். பழைய பெயரை அழித்தால்தான் புதியதை எழுத முடியும். ஒவ்வொரு எழுத்தாக உன் பெயர் போனது. ஸ்டெல்லா அடுப்படியில் இருந்தாள். எழுதி முடிக்கும்வரை அவள் வெளியே வரவில்லை.

அவளுக்கு இழுப்பு இன்னும் இருக்கிறது. மழை பிடித்தால் கரண்டும் டவரும் இன்னும் போகின்றன. என் மகள் பெங்களூரிலிருந்து கூப்பிடுகிறாள்: "ஜூன் ஜூலையில வாங்கப்பா, பிள்ளைகளுக்கு உங்களோட இருக்கணும்னு ஆசை." மழை முடிந்து வருகிறேன் என்கிறேன். அந்த ஈரத்தில் அங்கே உட்கார்ந்து அப்படி என்ன வேலை என்று கோபிக்கிறாள். பள்ளத்தில் ஒரு ஆள் இருக்கிறது, அவள் எழுதினால் வாசிக்க இந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று சொன்னேன். அதற்கப்புறம் மகள் அதைக் கேட்பதில்லை. மழை தொடங்கிவிட்டது, மாப்ள. நான் இங்கேதான் இருக்கிறேன்.