ஐந்து வரி ரிப்பேர்

மார்ச் 3, திங்கள்

மனைவிக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகி ஒரு வாரம். சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இனி குளியல் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைக்கவே கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். அவர் போனதும் இவள், "நீங்க என்னைக் குளிப்பாட்டுற நிலைமை வந்தா நான் வீட்டுக்கே வரமாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

மார்ச் 4

குளியலறையை மாற்றிக் கட்ட கான்ட்ராக்டர் வந்தார். தமிழ் தெரியாது. என்ன வேலை என்றாலும் இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தாளில் இல்லாததைத் தொடமாட்டாராம். முன்பு யாரிடமோ நன்றாகப் பட்டிருக்கிறார் போல. தொட்டி, கைப்பிடி, கதவு, உடைந்த டைல், குழாய் என்று ஐந்து வரி எழுதிக் கொடுத்தேன். அவளிடம் கேட்டிருக்கலாம், பள்ளி ஆபீஸில் இருபது வருஷம் இங்கிலீஷ் கடிதம் டைப் அடித்தவள். ரோஷம்!

மார்ச் 5

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்தால் தொட்டி பளபளக்கிறது. விரிசலை அடைத்து, பூச்சு பூசி, புதுசு மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார். பெயர்த்து எடுக்க வேண்டிய தொட்டி! "எந்தக் கைப்பிடி? இங்க ஒண்ணும் இல்லையே?" என்று இங்கிலீஷில் கேட்டுத் தாளை நீட்டுகிறார். ஐந்து வரியிலும் ரிப்பேர், ரிப்பேர், ரிப்பேர். கீழே என் கையெழுத்து வேறு.

அவர் மேல் தப்பே இல்லை. முப்பது வருஷம் தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருந்தவன் நான். அந்த ஒரு சொல்தான் கைக்கு வந்திருக்கிறது. இன்னும் மூணு நாள்தான் இருக்கு. என்ன மனுஷன்டா நீ?

மார்ச் 6

ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவளிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், தையல் வலிக்க வலிக்கச் சிரிக்கிறாள். "இல்லாத கைப்பிடியை ரிப்பேர் பண்ணச் சொன்ன ஒரே ஆளு நீங்கதான்."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். தொட்டிக்கு ரிமூவ். கைப்பிடிக்கு இன்ஸ்டால். கதவுக்கு வைடன், அதாவது அகலமாக்க; வாக்கர் நுழைய வேண்டுமே. டைலுக்கு ரிப்ளேஸ்.

"குழாய்க்கு?"

"அது சொட்டுதில்ல? அதுக்கு ரிப்பேர்தான். ஒண்ணாவது தேறிச்சே!"

புதுத் தாளைப் படித்த கான்ட்ராக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். நாளை இன்னும் இரண்டு பேரோடு வருகிறாராம். நல்ல மனுஷன்.

மார்ச் 7

தொட்டி போயிற்று. கைப்பிடியில் என் முழுக் கனத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை.

மார்ச் 8, சனி

வந்துவிட்டாள். வாக்கரோடு நேரே குளியலறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். "நீங்க எங்க வர்றீங்க?" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்வரை கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். அப்பாடா.

இருபது நிமிஷம் ஆகிவிட்டது. உள்ளே ஏதோ பாட்டு வேறு. மெதுவா வரட்டும்.