அவன் பேனரில் உன் படம்

அம்மாடி,

புது பிளக்ஸ் பேனரின் நாற்றம் எனக்கு ஆகாது, உனக்குத் தெரியும். இன்று காலை உன் திவசத்துக்குச் சாமான் வாங்கிக்கொண்டு நம் ஊர் ஸ்டாப்பில் இறங்கினேன். அதே நாற்றம். நிமிர்ந்தால் நீ. 'முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. எங்கள் பயிற்சி மையத்தின் பெருமை' என்று போட்டு, பக்கத்தில் உன்னைவிடப் பெரிதாகத் தன் படத்தையும் போட்டிருந்தான், பெரம்பலூரில் உனக்கு இங்கிலீஷ் எடுத்த வாத்தியார்.

எந்த வாயால் பெருமை? பாங்கு பரீட்சைக்கு அவனிடம் படிக்கப் போனாய். ஒரு வாக்கியத்தைத் துண்டு துண்டாக்கி, வினைச்சொல் எந்தத் துண்டில் தப்பு என்று கண்டுபிடிக்கிற கேள்வி. பலகையில் இருந்த ஒன்றில் தப்பே இல்லை என்றாய். புத்தகத்தில் விடை வேறாக இருந்தது. "வெர்ப் எதுன்னே தெரியல, பாங்க்ல ஒக்காரணுமாம். போயி பருத்தி எடும்மா" என்றான். வகுப்பே சிரித்தது. பருத்தி எடுத்துத்தானே நான் உன் புருஷனை ஆளாக்கினேன், அதிலென்ன கேவலம்? அடுத்த வாரம் புத்தகம்தான் தப்பு என்று அவனே விடையைத் திருத்திக் கொடுத்தான். உன் பெயரைச் சொன்னானா? வைதது நடு வகுப்பில், திருத்தியது சத்தமில்லாமல்.

அதோடு நீ அவன் வகுப்புக்குப் போகவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கு ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து எழுத்தை அடையாளம் காட்டி, விடைப் பக்கத்தை என் மடியில் வைத்தாய். நீ கேள்வியைப் படித்து விடை எழுத்தைச் சொல்வாய். நான் வெங்காயத்தாள் அறுக்கிற கையை நிறுத்திப் பார்ப்பேன். அந்த எழுத்து இல்லை என்று நான் சொன்னால் மறுபடி வாய்க்குள் படிப்பாய். சில நாள், "இதுல புக்குதான் தப்பு அத்தை" என்று ஒரே பிடியாக நிற்பாய். நான் புத்தகத்தை நம்பியதில்லை.

அரியலூர் கிளையில் உனக்கு வேலை வந்த வாரமே அவன் பேனர் வைத்தான், 'எங்கள் மாணவி' என்று. கிழிக்கக் கிளம்பியவளைக் கையைப் பிடித்து நிறுத்தினாய். "வுடுங்கத்தை. கவுண்டர்ல ஒக்காந்திருக்கறது நானா, அவரா?"

விட்டேன். மறக்கவில்லை. காமாலை உன்னைக் கொண்டுபோன அன்று மாலையோடு வந்தான். அத்தனை பேர் முன்னால் கேட்டேன்: "அன்னைக்கு எம்மருமவ சொன்னது சரின்னு ஒரு வார்த்த சொல்லிட்டு மாலையப் போடுங்க." இந்த நேரத்தில் அதெல்லாம் எதற்கு என்று முனகிவிட்டு, போட்டுவிட்டுப் போய்விட்டான்.

இன்று வீட்டுக்கு வந்து கதிர் அரிவாளை எடுத்தேன். அசிங்கம் என்றான் உன் புருஷன். யாருக்கு என்று கேட்டுவிட்டுக் கிளம்பினேன். ஸ்டாப் திண்டில் ஏறி உன்னை மட்டும் அறுத்து எடுத்தேன். அரியலூர் பஸ் வந்து நின்றது. "என்னாயா பண்ற?" என்றான் கண்டக்டர்.

"எம்மருமவள வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

மிச்சம் அங்கேயேதான் தொங்குகிறது. நீ இருந்த இடம் ஓட்டையாகி, அதற்குள் மக்காச்சோளக் காடு தெரிகிறது. பக்கத்தில் அவன் கும்பிட்டபடி நிற்கிறான். இங்கே யார் படம் இருந்தது என்று பஸ்ஸுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். முதலிலிருந்து சொல்கிறேன், அவன் வகுப்பில் சொல்லாததையும் சேர்த்து.

விடச் சொல்லிக் கையைப் பிடிக்க நீ இல்லையே அம்மாடி. நான் விட மாட்டேன்.