இடது கை

என் கடைக்குட்டிக்கு,

இது நானே என் கையால் எழுதும் கடிதம். எழுத்துக் கூட்டி எழுதுவதால் நேற்றுக் காலையில் தொடங்கியது இன்று சாயங்காலம் வரை வந்திருக்கிறது. உன் அம்மா எட்டிப் பார்த்து, "என்னங்க, சொத்துப் பத்திரமா எழுதுறீங்க?" என்று கிண்டல் செய்கிறாள். செய்யட்டும்.

இந்த வயதில் எழுத்துக் கற்று எனக்கு வாசிக்க வந்ததும், டாக்டர் படிப்புக்காக வெளிநாடு போனதிலிருந்து நீ எழுதிய கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன். அப்போதுதான் உன் அம்மாவின் திருட்டுத்தனம் தெரிந்தது. எனக்கு வாசித்துக் காட்டும்போது உங்கள் விடுதிக் காவலாளி வரும் வரிகளை மட்டும் தாண்டிப் போயிருக்கிறாள். நீ பிரஷர் பார்த்துப் பழக அவர் தினமும் கை நீட்டுவாராம். அவரை நீ அப்பா என்று கூப்பிடுகிறாயாம்.

"ஏண்டி மறைச்சே?" என்று கேட்டேன்.

"இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவீங்கன்னுதான்."

தூக்கித்தான் வைத்திருக்கிறேன். சின்ன வயதில் நாடி பிடிக்க நீ முதலில் பழகியது என் இடது கையில். அது ஞாபகம் இருக்கிறதா?

படிப்பு முடிந்து அவரைப் பிரிவதை நினைத்தாலே அழுகை வருகிறது, இன்னும் ஒரு வருஷம் இங்கேயே வேலை பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இங்கிருந்து கிளம்பிய அன்று நீ சிரித்துக்கொண்டேதான் வண்டி ஏறினாய்.

இருப்பதும் வருவதும் உன் இஷ்டம். ஆனால், நீ போன நாள் முதல் இங்குள்ள டாக்டரிடம் வலது கையைத்தான் நீட்டுகிறேன். "அந்தக் கையக் கொடுங்க பெரியவரே" என்பார். அது வேறொரு டாக்டருக்கு என்று சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் முதல் அப்பா