மாரெனுக்காக நான் எழுதிய பாட்டு

மார்ச் 4

கராஜில் இன்று கடைசி எண்ணெய்ப் பீப்பாயையும் ஏற்றி வெல்டு வைத்தேன். உச்சியில் துளை போட்ட மூடி. லெம்விக்கில் இத்தனை உயரமான மிளகு டப்பாவை எவனும் நிறுத்தியதில்லை. தேவாலயக் கோபுரமே எட்டிப் பார்க்கும். மாரெனுக்குச் சனிக்கிழமை முப்பது. கல்யாணம் ஆகாமல் முப்பதைத் தொட்டால் கேலிக்கு வாசலில் மிளகு டப்பா நின்றே ஆகவேண்டும், இது எங்கள் நாட்டு வழக்கம். அவள் அம்மா, என் அக்கா, இருந்திருந்தால் அவளே பீப்பாய் பிடித்திருப்பாள். அக்கா போனபின் அந்தப் பெண்ணுக்கு நான்தான், எனக்கும் அவள்தான்.

பாட்டும் தயார். கச்சிதமான மெட்டு. ஜட்லாந்தில் என்னைப்போல எதுகை போட ஆள் இல்லை.

மார்ச் 8

அறுபது பேர் வந்தார்கள். (இருபது என்கிறாள் பிர்த்தெ. என் மனைவிக்கு எண்ணிக்கையிலும் சிக்கனம்.) ஒவ்வொரு தட்டிலும் பாட்டின் நகல். எல்லோரும் எழுந்து நின்று பாடினார்கள். நான்காவது சரணத்தில் யெப்பெ நிச்சயத்தை முறித்துக்கொண்டு போனதும், இவள் என் படகில் உட்கார்ந்து அழுததும். சிரிப்பில் மேசையே அதிர்ந்தது. மாரென் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

கேக் வெட்டக் கூப்பிட்டால் ஆள் இல்லை. காரும் இல்லை. தலைவலியாக இருக்கும்.

மார்ச் 9

போனை எடுக்கவில்லை.

மார்ச் 15

செய்தி அனுப்பியிருக்கிறாள். “மாமா, கொஞ்ச நாள் என்னைத் தேடி வராதீங்க. கோபம் இல்ல. சொல்ல எதுவும் இல்ல, அவ்வளவுதான்.”

கோபம் இல்லையாம். கோபப்பட்டிருந்தால் தேவலை. கத்தினால் நானும் கத்துவேன், அப்புறம் காப்பி குடிப்போம். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மார்ச் 21

முன்பொரு நாள் ஏதோ நாலெழுத்தைச் சொல்லி, “நான் இந்த வகை, மாமா” என்றாள். கார் நம்பரா என்று கேலி செய்தேன். இன்று இணையத்தில் தேடிப் படித்தேன். மனிதர்கள் பதினாறு வகையாம். இவள் வகை உள்ளுக்குள்ளேயே வாழ்வது, உள்ளுணர்வால் வழி பார்ப்பது. இரண்டு பக்கம் படித்தேன். இனி பல்கலைக்கழகத்தில் வகுப்பெடுக்கலாம்.

நானும் அந்தப் பரிசோதனை செய்தேன். ‘கூட்டத்தில் மலர்பவர்’ என்று வந்தது. கோளாறு. பதில்களைக் கொஞ்சம் யோசித்துப் போட்டதும் நானும் மாரென் வகை ஆகிவிட்டேன். அபூர்வமான வகை. பேக்கரியில் பக்கத்து வீட்டுக்காரன் காயிடம் சொன்னேன்.

“நீ அமைதியான ஆளா? அப்போ நான்தான் பிஷப்” என்றான். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வாங்கிய ரொட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 28

அந்தப் பக்கங்களில் உள்ளுணர்வைப் பற்றிச் சொன்னது உண்மை. போன கோடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாரென் எழுந்து தட்டு எடுக்கும் சாக்கில் பிர்த்தெயிடம் மெதுவாக, “அத்தை, டாக்டர்கிட்ட எப்போ போறீங்க?” என்றாள். மார்பில் கட்டி இருந்ததை பிர்த்தெ யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சாதாரணக் கட்டிதான், கடவுள் புண்ணியம். அதே மேசையில் எதிரே உட்கார்ந்து நான் சுறா பிடித்த கதை சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவியின் முகம் எனக்கு நேரெதிரே இருந்தது. எனக்கு ஏன் தெரியவில்லை?

ஏப்ரல் 3

மன்னிப்புக் கேட்டு ஒரு பாட்டு ஆரம்பித்தேன். மிக உயர்ந்த தரம். பிர்த்தெ தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள்.

“மன்னிப்பையும் மைக் வெச்சுத்தான் கேக்கணுமா, வெர்னர்? அவ ஒரு விஷயத்தை எத்தனை நாள் உள்ளயே வெச்சுப் பாத்துட்டு உன் கையில குடுத்திருப்பா. நீ அதுக்குத் தாளம் போட்டே.”

காகிதத்தை அடுப்பில் போட்டேன். எதுகை நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 19

வராதே என்றவள் வீட்டுக்குப் போனேன், ஹோல்ஸ்டெப்ரோவுக்கு. சரியா தவறா தெரியாது. கதவைத் திறந்தாள், காப்பி போட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. நாக்கு உள்ளே கட்டெறும்புபோல் ஊர்ந்தது. அவளே பொறுக்கமாட்டாமல், “நீங்க பேசாம இருந்தா பயமா இருக்கு, மாமா” என்றாள்.

தப்பு செய்துவிட்டேன் என்றேன். மிளகு டப்பா வேண்டாத வேலை என்றேன்.

“மிளகு பரவால்ல. அது எல்லாருக்கும் வர்றது.” கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். “சின்ன வயசிலேர்ந்து விருந்துல உங்க பக்கத்துலதான் உக்காருவேன், ஏன்னு தெரியுமா? நீங்க பேசிட்டிருந்தா என்னை யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. நான் பாட்டுக்கு எல்லாரையும் பாத்துட்டிருக்கலாம். அன்னிக்கு நீங்களே என் மேல வெளிச்சம் அடிச்சிட்டீங்க.”

என் கதைகளைக் கேட்கத்தான் பக்கத்தில் உட்காருகிறாள் என்று இருபத்தைந்து வருடமாக ஊரெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். மறுபடி வா என்று சொல்லவில்லை.

மே 2

மாரெனிடமிருந்து ஒன்றுமில்லை.

மே 24

மாரென் வந்தாள். துறைமுகச் சுவர் முனை வரை நடந்தோம். ஒரு விஷயம் சொன்னாள். பெரிய விஷயம்.

என்ன சொன்னாள் என்று பிர்த்தெ கேட்டாள். காய் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு தரம் கேட்டான். காற்றைப் பற்றிப் பேசினோம் என்றேன்.

இன்று மேற்குக் காற்று பலமாக இருந்தது.