அம்மாவின் திவசத்தில் வந்த இறைச்சி சலாட்

தம்பிக்கு,

நான் வாயைத் திறக்காமல் இருந்தது போதும்.

அம்மாவின் திவசத்தன்று உன் மனைவி நீனோ மாட்டிறைச்சியும் சிவப்பு அவரையும் கலந்த சலாட்டோடு என் வீட்டு வாசலில் நின்றாள். அவள் ஜோர்ஜியாக்காரி. இறந்தவர்களை நினைத்து அவள் வீட்டில் அதைத்தான் செய்வார்களாம். திவசத்தில் மரக்கறிதான் என்று அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். நீ அவளுக்குச் சொல்லவில்லை.

"அம்மா என்ன எழும்பி வந்து மணந்து பாக்கப் போறாவோ, அண்ணை?" என்று அவள் பின்னால் நின்று சிரித்தாய். நான் கதவைச் சாத்தினேன். அது சரிதான். அவள் சலாட் கோப்பையை அணைத்தபடி காருக்குப் போனதை யன்னலால் பார்த்தேன்.

அடுத்த வாரம் நீங்கள் மெல்பேர்னுக்கே குடிபோகிறீர்கள் என்று உன் அண்ணி கமலினிதான் சொன்னாள். அதே சலாட்டுக்கு அவரையை ஊறப்போட்டுவிட்டு என் கையில் கத்தியைத் தந்தாள்.

"நீங்க செய்தாத்தான் நீனோ சாப்பிடுவா. கோவத்தை வெங்காயத்தில காட்டுங்கோ."

வெங்காயம் அரிந்தேன். வால்நட்டும் உள்ளிப்பூண்டும் இடித்தேன். பின்வளவில் வளர்ந்த கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டேன். மாட்டிறைச்சி மட்டும் என் குசினிக்குள் வராது, ஆட்டிறைச்சி போட்டேன். ருசி பிழையில்லை.

இது பழகிப் பார்க்கச் செய்தது. ஞாயிறு மதியம் மறுபடி செய்வேன். நீனோவைச் சாப்பிட அனுப்பு. நீயும் வரலாம், சிரிக்காமல் இருக்க முடிந்தால்.

கீழே 'அண்ணன்' என்று எழுதக் கை வரவில்லை. கையெழுத்து இல்லாமலே தபாலில் போடுகிறேன்.